யாரும் பிசகாமலே இறங்கும் சுருதி

திருச்சபைப் பாடகர் குழு ஒன்றை நடத்திவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கீபோர்டு இல்லாமல் நான்கு குரல்களில் பாடும்போது, நன்கு பயின்ற பாடலாக இருந்தாலும், முடிவில் குழு தொடங்கிய சுருதிக்குக் கீழே நிற்கிறது. தவறு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

மூச்சின் தாங்கல் குறைவது, மேலேறும் இடைவெளிகளைக் குறுக்கிப் பாடுவது, களைப்பு ஆகிய காரணங்களைப் பாடகர் குழுத் தலைவர்கள் அனைவரும் அறிவார்கள். அவற்றுக்கான பயிற்சிகளும் அவர்களிடம் உண்டு. இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் சுருதி இறங்கக்கூடும் என்பதும், அப்போது குழுவில் ஒருவரிடம்கூடத் தவறு இருக்காது என்பதும்தான் இங்கே விளக்க வேண்டியவை.

இரண்டு குரல்கள் சேர்ந்து ஒலிப்பதன் அடிப்படை எளிய விகிதங்களே. ஷட்ஜத்தை (ச) 240 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 அதிர்வுகள், என்று வைத்துக்கொண்டால், அதனுடன் தூய்மையாக இணையும் பஞ்சமம் (ப) 360 ஹெர்ட்ஸ், காந்தாரம் (க) 300 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுரத்தோடும் அதன் அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு என்று மேற்சுரங்களும் மெலிதாக ஒலிக்கும். ஷட்ஜத்தின் ஐந்தாம் மேற்சுரமும் காந்தாரத்தின் நான்காம் மேற்சுரமும் 1200 ஹெர்ட்ஸில் ஒன்றாகப் பொருந்துவதால் ஒலி அசைவின்றி நிற்கிறது. கீபோர்டின் காந்தாரமோ ஏறத்தாழ 302.4 ஹெர்ட்ஸ், அதன் நான்காம் மேற்சுரம் 1209.5 ஹெர்ட்ஸுக்குச் சென்றுவிடுவதால், நொடிக்கு ஒன்பது முறைக்கு மேல் ஒலி ஏறி இறங்கி அதிர்கிறது. கருவியின் துணை இல்லாதபோது தேர்ந்த பாடகரின் காது இந்த அதிர்வைத் தவிர்த்துத் தூய விகிதத்தையே நாடுகிறது. நல்ல குழுவின் அழகு முழுவதும் இந்த நாட்டத்தில்தான் இருக்கிறது; சுருதி இறங்குவதற்கான வித்தும் அதிலேயே இருக்கிறது.

மேற்கத்திய இசையில் மிகப் பரவலான ஒரு சுரக்கூட்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கை, கார்டு) வரிசையை எடுத்துக்கொள்வோம்: முதலில் ஷட்ஜத்தின் மீது எழும் சுரக்கூட்டு, அடுத்துத் தைவதத்தின் (த) மீது, பின்னர் ரிஷபத்தின் (ரி) மீது, அதன்பின் பஞ்சமத்தின் மீது, இறுதியாக மீண்டும் ஷட்ஜம். ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு சுரக்கூட்டுகளுக்கும் பொதுவான ஒரு சுரமாவது உண்டு. அதைப் பாடுபவர் அசையாமல் பிடித்திருக்க, மற்றவர்கள் அவரோடு இசைந்து நகர்கிறார்கள். 240 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தோடு தூய்மையாகச் சேரும் தைவதம் 400 ஹெர்ட்ஸ். அந்தத் தைவதம் நிலைத்திருக்க, அதற்குப் பஞ்சம இடைவெளி கீழே ரிஷபம் அமைய வேண்டும். 400ஐ மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 266.67. அந்த ரிஷபம் நிலைத்திருக்க, அதற்கு மேலே 3:4 விகிதத்தில் பஞ்சமம் அமைகிறது: 355.56. தொடக்கத்தில் பாடிய பஞ்சமமோ 360. இறுதியாக, இந்தப் புதிய பஞ்சமத்தோடு இணையும் ஷட்ஜம் 237.04 ஹெர்ட்ஸில் வந்து நிற்கிறது. ஒவ்வோர் அடியும் துல்லியமானது, ஒவ்வொருவரும் அண்டைக் குரலோடு முழுமையாக இசைந்தார்கள். ஆனாலும் குழு முழுவதும் மூன்று ஹெர்ட்ஸ் இறங்கிவிட்டது. 81க்கு 80 என்ற இந்தச் சிறு விகிதம் அரைச்சுரத்தில், அதாவது கீபோர்டின் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தொலைவில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதே வரிசை ஒரு பாடலில் ஐந்து முறை சுழன்றால் அரைச்சுரமே இழப்பாகும்.

இத்தாலியக் கணித அறிஞர் ஜொவான்னி பத்திஸ்தா பெனடெத்தி இதைக் கணக்கிட்டுக் காட்டி, 1585இல் தம் நூலில் வெளியிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோவர்ட், சுருதி மாறிச் செல்லும்படி எழுதப்பட்ட இசையை நான்கு பாடகர்களைக் கொண்டு பாடவைத்து, கழுத்தில் பொருத்திய மின்வாய்களின் மூலம் ஒவ்வொருவரின் அதிர்வெண்ணையும் தனித்தனியே அளந்தார். தூய விகிதங்கள் இழுக்கும் திசையிலேயே அவர்களின் சுருதி நகர்ந்ததை அவர் 2007இல் வெளியிட்டார்.

எனக்குப் பெருவியப்பைத் தருவது வேறொன்று. பரதரின் நாட்டிய சாஸ்திரம், ஷட்ஜ கிராமம், மத்யம கிராமம் என்ற இரு பழைய சுர வரிசைகளைப் பற்றிப் பேசும்போது, ஷட்ஜ கிராமத்தின் பஞ்சமத்தை ஒரு சுருதி (இங்கே நுண்ணிய சுர இடைவெளி என்று பொருள்) அளவு தாழ்த்தினால் மத்யம கிராமத்தின் பஞ்சமம் கிடைக்கும் என்று கூறி, அந்த இடைவெளியைப் பிரமாண சுருதி என்கிறது. பிற்கால இசையியலாளர் பலர் அதற்குக் கணக்கிட்ட மதிப்பும் 81/80தான். மேலே நம் குழு 360இலிருந்து 355.56க்கு வந்ததும் அதே இறக்கம். நம் மேடைகளில் தம்புரா இடைவிடாமல் ஷட்ஜத்தை நினைவூட்டிக்கொண்டிருப்பதால் பாடகர் நழுவுவதில்லை. துணையற்ற நான்கு குரல் பாட்டுக்கு அப்படியொரு நங்கூரம் கிடையாது. சி. வி. ராமன் மிருதங்கத்தின் மேற்சுரங்களை ஆராய்ந்து 1920இலேயே கட்டுரை எழுதிய நாட்டில், சேர்ந்து பாடும் குரல்களை ஆராயவும் நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில ஒலிவாங்கிகளும் ஒரு கணினியும் இருந்தாலே அந்த ஆய்வைத் தொடங்கிவிடலாம்.

இனி, குழுவை நடத்துபவர் செய்யக்கூடியது. நழுவல் நிகழும் இடம் பிடித்து நிறுத்தப்பட்ட அந்த ரிஷபம்தான். ரிஷபச் சுரக்கூட்டில் 266.67 ஆக ஒலித்த அதே சுரம், பஞ்சமச் சுரக்கூட்டு வரும்போது 270க்கு உயர்ந்தால் பஞ்சமம் 360இலேயே நிற்கும். எனவே அதைத் தாங்கும் பகுதியினரின் தாளில், பெரும்பாலும் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) அல்லது டெனரின் (ஆண்களின் மேல்குரல்) தாளில், அந்த இடத்தில் மேல்நோக்கிய சிறு அம்புக்குறி ஒன்றை இட்டு, "சுரம் மாறவில்லை, ஆனால் சற்றே ஒளியேறட்டும்" என்று சொல்லிப் பயிற்சி கொடுக்கலாம். பொதுவாக "சுருதி இறங்குகிறது, ஏற்றுங்கள்" என்று எல்லோரையும் அதட்டுவதால் ஒன்றும் நேராகாது. எல்லோரும் ஏற்றினால் இசைவே கலைந்துவிடும்.

பாடகருக்குத் தம் குரல் கேட்பதும் அவசியம். ஸ்டாக்ஹோமில் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் செய்த ஆய்வில், பாடகர்கள் தங்கள் குரல் மற்றவர்களின் ஒலியைவிடச் சராசரியாக ஆறு டெசிபல் அதிகமாகக் கேட்பதையே விரும்பினார்கள். தோளோடு தோள் நெருக்கி நிறுத்தினால் அது கிடைக்காது. ஒவ்வொருவரும் சத்தத்தைக் கூட்டுவார்கள், துல்லியம் குறையும். முழங்கை தட்டாத இடைவெளிவிட்டு நிறுத்துவதற்குச் செலவே இல்லை. கீபோர்டை ஒத்திகை முழுவதும் வாசிக்காமல், பாடலின் நடுவே மேற்சொன்ன வரிசை முடியும் இடங்களில் மட்டும் ஷட்ஜத்தைத் தொட்டுச் சரிபாருங்கள்; எந்த அடியில் நழுவுகிறது என்பது ஓரிரு ஒத்திகைகளிலேயே தெரிந்துவிடும்.