இஞ்சைப் பார்க்காதீர்கள், அகலத்தையும் எடையையும் பாருங்கள்

என் சிகிச்சை அறை மேசைமேல் ஒரு சமையலறைத் தராசு இருக்கிறது. மாவு, சர்க்கரை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசுதான். கட்டைவிரல் வலி, மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களிடம் போனை வாங்கி முதலில் அதில் வைத்துப் பார்ப்பேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். 28 வயது, கையில் ஐந்து மாதக் குழந்தை. வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. துணி பிழிய முடியவில்லை, குக்கர் மூடியைத் திருகித் திறக்க முடியவில்லை, குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் சுரீர் என்கிறது. அவருடைய போன் 6.9 இஞ்ச் திரை கொண்ட உயர்ரக மாடல். பர்ஸ் மாதிரி மூடும் தடிமனான கவர், அதற்குள் இரண்டு ஏடிஎம் கார்டு. தராசு 302 கிராம் காட்டியது.

"இவ்வளவா மேடம்?" என்றார்.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்க்கச் சொன்னேன். பாதி தூரம் போகும் முன்பே கையை இழுத்துக்கொண்டார். கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவுகிற இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் உள்ளே நாண்கள் வழுக்கிப் போக இடம் போதாது. ஒவ்வொரு அசைவிலும் உரசும். 1895-ல் இதைப் பற்றி எழுதிய சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வெய்ன் பெயரால்தான் இந்த நோயை இன்றும் அழைக்கிறோம்.

ஆண்டைக் கவனித்தீர்களா? செல்போன் வருவதற்கு எவ்வளவோ முன்பு. அதனால் எல்லாப் பழியையும் போன் மேல் போட மாட்டேன். கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்கும் தாய்மார்களுக்கு இது எப்போதுமே அதிகம் வரும். ஆனால் ஏற்கெனவே புண்பட்ட இடத்துக்கு ஓய்வே கிடைக்காமல் செய்வதில் போனுக்குப் பங்கு உண்டு. இந்தப் பெண் இரவில் இடது கையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வலது கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் திரையை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு இரவில் நாலைந்து முறை.

சரி, திரை அளவுக்கு வருவோம்.

2007-ல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 இஞ்ச், எடை 135 கிராம். 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 இஞ்சில் வந்தபோது "இதைக் காதில் வைத்தா பேசுவது?" என்று கேட்டவர்கள் நிறைய பேர். இன்றைக்கு 6.1 இஞ்சைக் கடைக்காரரே சின்ன போன் என்கிறார். ஆப்பிள் 2020-லும் 2021-லும் 5.4 இஞ்சில் மினி போன்கள் கொண்டுவந்தது. எடை ஏறக்குறைய 140 கிராம்தான். விற்பனை போதவில்லை, நிறுத்திவிட்டார்கள். என்னிடம் வரும் சிறிய கைக்காரர்கள் பலருக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம்.

வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் சொல்லும் இஞ்ச் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை உள்ள குறுக்களவு. அதை வைத்துப் போன் கையில் எப்படி உட்காரும் என்று சொல்ல முடியாது. 2014-ன் ஐபோன் 6 பிளஸ் 5.5 இஞ்ச், 2024-ன் ஐபோன் 16 புரோ மேக்ஸ் 6.9 இஞ்ச். இரண்டின் அகலமும் எவ்வளவு தெரியுமா? பழையது 77.8 மில்லிமீட்டர், புதியது 77.6. திரையைச் சுற்றியிருந்த பட்டையையும் கீழே இருந்த பொத்தானையும் எடுத்துவிட்டு அந்த இடமெல்லாம் திரை ஆக்கினார்கள். பிடிக்கும் அகலம் மாறவில்லை. ஆனால் எடை 172 கிராமிலிருந்து 227 ஆகிவிட்டது. முன்பு வெறும் பட்டையாக இருந்த உச்சி இப்போது தொட வேண்டிய திரை. கட்டைவிரல் எட்டிப்போக வேண்டிய தூரம் கூடிவிட்டது.

அதனால் இஞ்சை விட்டுவிட்டு இரண்டு எண்களைப் பாருங்கள்: அகலம் எத்தனை மில்லிமீட்டர், எடை எத்தனை கிராம். நிறுவனத்தின் இணையதளத்தில் இரண்டுமே இருக்கும். என்னிடம் வருபவர்களில், குறிப்பாகப் பெண்களில், 72 மில்லிமீட்டருக்குள் இருக்கும் போனை ஒரு கையில் ஓரளவு நிம்மதியாகப் பிடிக்கிறார்கள். 77-ஐத் தாண்டினால் பிடியைத் தளர்த்தி, போனை உள்ளங்கையில் நழுவவிட்டு நழுவவிட்டுத்தான் மேல் மூலையைத் தொடுகிறார்கள். இது என் மேசையில் நான் பார்த்தது. உங்கள் கை வேறாக இருக்கலாம்.

நல்ல கேமரா வேண்டுமென்றால் பெரிய போன்தான் என்ற நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-ல் வந்த ஐபோன் 16 புரோ, கூகுள் பிக்சல் 9 புரோ இரண்டும் 6.3 இஞ்ச். எடை இரண்டுக்கும் 199 கிராம். அகலம் 72 மில்லிமீட்டருக்குள். பின்பக்க கேமராக்கள் அவற்றின் பெரிய அண்ணன்மாருக்கு இருப்பவைதான். 2025-ன் சாம்சங் எஸ்25 இன்னும் லேசு, 162 கிராம். ஆனால் அதே வரிசையின் பெரிய போனான அல்ட்ராவின் கேமரா இதில் கிடைக்காது. சின்ன போனில் பேட்டரியும் சின்னதுதான்.

கடைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்? அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் போனுக்குக் கவர் இருக்காது, பின்னால் கம்பி கட்டியிருக்கும், நின்றபடி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். வீட்டில் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிடிக்கப்போகும் பொருள் அது. கம்பியைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு கையில் பிடித்து, பிடியை மாற்றாமல் எதிர்ப்பக்க மேல் மூலையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் ஐந்து நிமிடம் அப்படியே வைத்திருந்து நாலு வரி தட்டச்சு செய்யுங்கள். சுண்டுவிரலைப் போனின் அடியில் முட்டுக்கொடுக்கத் தோன்றினால் எடை உங்கள் கைக்கு அதிகம்.

பெரிய திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெள்ளெழுத்து வந்த என் அப்பாவுக்கு நானே 6.7 இஞ்ச் போன் வாங்கிக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினாலும் ஒரு வரியில் நாலு சொல்லாவது தெரிய வேண்டுமே. ஆனால் அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து, ஆள்காட்டி விரலால் தொடுகிறார். பெரிய போனைப் பிடிக்க ஒரு கை, தொட இன்னொரு கை, அல்லது ஸ்டாண்ட்.

ஏற்கெனவே பெரிய போன் வாங்கிவிட்டவர்கள் செட்டிங்ஸில் ஒரு கைப் பயன்பாட்டு முறையைப் போட்டுக்கொள்ளுங்கள், திரையின் மேல்பகுதி கீழே இறங்கி வரும். நீளமாக எழுத வேண்டியதைக் குரலில் சொல்லுங்கள். முழங்கையை மடக்கியபடியே படுத்துப் பார்க்கிறவர்களுக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். அங்கே அழுந்துவது முழங்கை நரம்பு. மரத்துப்போவது கையை நீட்டிய பிறகும் போகவில்லை என்றாலோ, பிடியில் பலம் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து நாள் கடத்த வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் போனை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அவர் ஆசையாக வாங்கிக் கொடுத்தது மேடம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கட்டைவிரலை அசையாமல் வைக்கும் பட்டை கொடுத்தேன். ஐஸ் ஒத்தடம், இரவில் பால் கொடுக்கும்போது போன் தொடக் கூடாது, குழந்தையை அக்குளில் தூக்காமல் உள்ளங்கையைப் பின்புறம் கொடுத்து அள்ளி எடுக்க வேண்டும். குறையவில்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். அதே போன். பர்ஸ் கவர் போய் மெல்லிய கவர் வந்திருந்தது, பின்னால் விரல் நுழைக்க ஒரு வளையம். நான் கேட்கும் முன்பே அவராகவே எடுத்துத் தராசில் வைத்தார். 251. ஊசிக்கு அவசியம் வரவில்லை. குக்கர் மூடியைத் திறக்க முடிகிறது, துணி பிழிந்தால்தான் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்றார்.