வைட்டமின் டி குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்கப்பட்ட காய்ச்சல்கள்

சென்ற வாரம் பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு பாட்டி தம் நான்கு வயதுப் பேத்தியை அழைத்து வந்தார். நான்கு மாதங்களில் குழந்தைக்கு இது மூன்றாவது காய்ச்சல். கையோடு கொண்டு வந்திருந்த கோப்பில் டெங்குப் பரிசோதனை இரண்டு முறை, டைபாய்டுப் பரிசோதனை ஒரு முறை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை நான்கு முறை, வைட்டமின் டி ஒரு முறை என்று தாள்கள் அடுக்கடுக்காக இருந்தன. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. “வைட்டமின் டி பதினாலுதான் இருக்காம் டாக்டரம்மா, எதிர்ப்புச் சக்தி இல்லாமத்தான் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருதாம்” என்றார் பாட்டி. ஒவ்வொரு முறையும் சில நாள்களுக்கு ஆன்டிபயாடிக்கும், அதனுடன் வாரத்திற்கு ஒன்றாக 60,000 யூனிட் வைட்டமின் டி பொடிப் பொட்டலமும் கொடுத்திருக்கிறார்கள். அன்று நாங்கள் எடுத்த சிறுநீரில் சீழணுக்கள் நிறைந்திருந்தன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் இரண்டு நாளில் ஈ.கோலை என்னும் குடல் கிருமி வளர்ந்தது. குழந்தைக்கு இருந்தது சிறுநீர்த் தொற்று. ஸ்கேனில் இடது சிறுநீரகம் வலதைவிடச் சிறியதாகத் தெரிந்தது. பிறவியிலேயே அப்படியா, அல்லது இந்த நான்கு மாதத் தொற்றின் தழும்பா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முதல் காய்ச்சலிலேயே ஒரு குப்பிச் சிறுநீரைப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இப்படி வரும் முதல் குழந்தை இவள் அல்ல என்பதனால்தான் இதை எழுதுகிறேன்.

வைட்டமின் டிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் இருக்கும் செல்கள் கிருமிகளைக் கொல்வதற்காகக் கேத்தலிசிடின் என்னும் ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. வைட்டமின் டி போதிய அளவில் இருக்கும்போது அந்தச் சுரப்பு கூடுகிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததாகவும் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ‘குறைவாக இருந்தது’ என்பதற்கும் ‘குறைவினால் வந்தது’ என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது இரத்தத்தில் அந்த அளவு தானாகவே இறங்கக்கூடும். எனவே காய்ச்சலின் நடுவில் எடுத்த எண்ணைக் கொண்டு காய்ச்சலுக்குக் காரணம் சொல்வது, மழையில் நனைந்த சட்டையைக் காட்டி அதனால்தான் மழை பெய்தது என்று சொல்வதற்கு ஒப்பாகும். தவிர, நம் நகரங்களில் நலமாக ஓடியாடும் குழந்தைகளிடம் எடுத்துப் பார்த்தாலும் பலருக்கு அந்த எண் குறைவாகத்தான் இருக்கும். அப்படி எல்லோரிடமும் காணப்படுகிற ஒன்றை ஒரு குழந்தையின் காய்ச்சலுக்கு மட்டும் காரணமாக்கிவிட்டு, அதற்கு மேல் தேடாமல் நிறுத்திவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் வழிகாட்டுதலில், ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது, 12 முதல் 20 வரை சற்றே பற்றாது, 12க்குக் கீழ் போனால்தான் குறைபாடு. பல ஆய்வகங்களோ 30க்குக் கீழே எது வந்தாலும் தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சிட்டுவிடுகின்றன. 24 என்று வந்த தாளை எடுத்துக்கொண்டு கலங்கிய முகத்துடன் வரும் தாய்மார்களுக்கு நான் முதலில் செய்வது, அந்தத் தாளை மடித்து ஓரமாக வைப்பதுதான். எலும்புக் கோளாறோ வேறு தகுந்த காரணமோ இல்லாத குழந்தைக்கு இந்தப் பரிசோதனையே வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எலும்புக்கு வைட்டமின் டி கட்டாயம் வேண்டும். பிறந்ததிலிருந்து ஓராண்டு வரை நாளொன்றுக்கு 400 யூனிட், அதன்பின் உணவும் வெயிலும் சேர்ந்து 600 யூனிட் கிடைக்க வேண்டும். பெங்களூரில் ஆண்டு முழுவதும் அதற்கான வெயில் இருக்கிறது. ஆனால் குழந்தை காலை ஏழரைக்குப் பள்ளி வேனில் ஏறி நான்கு மணிக்கு அடுக்குமாடிக்குத் திரும்பினால் அந்த வெயில் அதன் தோலில் படுவதேயில்லை. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தாலோ, பச்சைக் குழந்தைக்கு நாம் வழிவழியாகக் காட்டும் இளவெயிலாலோ வைட்டமின் டி பெரிதாக உருவாகாது. உச்சிப் பொழுதை ஒட்டிய பதினொன்று முதல் மூன்று மணிக்குள் கைகாலில் சிறிது நேரம் வெயில் படுவதுதான் பயன் தரும்.

பொட்டலத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது. 60,000 யூனிட் என்பது 400 யூனிட் பெற வேண்டிய கைக்குழந்தைக்கு 150 நாள் அளவு. ‘வாரம் ஒன்று’ என்று எழுதியதை ‘நாள் ஒன்று’ என்று படித்துக் கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சொட்டு மருந்திலும் ஒரு மில்லிலிட்டருக்கு 400 யூனிட் உள்ள பாட்டிலும் 800 யூனிட் உள்ள பாட்டிலும் கிடைக்கின்றன. கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அளவு மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்; குழந்தை வாந்தி எடுக்கும், மலம் இறுகும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், எடை குறையும். அந்தக் கால்சியம் சிறுநீரகத்தில் படியவும் கல்லாகவும் கூடும். கல் இருக்கும் இடத்தில் தொற்று எளிதில் தங்கும். தொற்றைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, தொற்றுக்கு இடம் அமைத்துக் கொடுத்துவிடும். தயவுசெய்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிய பொட்டலத்தை உங்கள் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

‘நீர்க்கடுப்பு இருந்தால் சொல்லியிருப்பாளே’ என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை எரிச்சலைச் சொல்லாது. காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுத்தல், காரணமில்லாத அழுகை ஆகியவைதான் அதன் மொழி. சளியோ இருமலோ பேதியோ இல்லாமல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடிக்கும் சிறு குழந்தைக்குச் சிறுநீரைப் பார்க்காமல் ஆன்டிபயாடிக் தொடங்கக் கூடாது. பெரிய குழந்தைக்கு எரிச்சல் வந்தால் ‘சூடு பிடித்திருக்கிறது’ என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்து, தொப்புளில் நல்லெண்ணெய் வைக்கிறோம். தண்ணீர் குறைந்து வந்த ஒரு நாள் கடுப்பு அதனால் அடங்கலாம்; காய்ச்சலோடு வந்த கடுப்பு அடங்காது. சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு மருந்து தொடங்க இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாமதமாகும்போது தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது.

சிறுநீர் பிடிக்கும் முறையைக் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் தவறாகப் பிடித்த சிறுநீர் எங்களையும் தவறான வழியில் அழைத்துச் செல்லும். டயப்பரிலிருந்து பிழிந்து கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். ஒட்டும் பையில் சேர்ந்த சிறுநீரில் தோலின் கிருமிகள் கலந்துவிடுவதால், அதில் கல்ச்சர் வளர்ந்தாலும் அதை நம்ப முடியாது. வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, பால் கொடுத்தபின் மடியில் வைத்துக் காத்திருந்து, முதலில் வரும் சிறிதை விட்டு நடுவில் வருவதைக் கிருமிநீக்கிய குப்பியில் பிடிக்க வேண்டும். அது இயலாத கைக்குழந்தைக்குச் சிறு குழாய் வழியாக எடுப்போம். அதற்குத் தாய்மார்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது, ஆனால் அது ஒரு நிமிட வேதனை. பிடித்த சிறுநீர் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இந்த ஊர்ப் போக்குவரத்தில் அது முடியாது என்று தெரிந்தால் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இவை எல்லாம் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன் நடக்க வேண்டும். முதல் வேளை உள்ளே போனபின் கல்ச்சரில் பெரும்பாலும் எதுவும் வளராது.

திரும்பத் திரும்பத் தொற்று வரும் குழந்தையிடம் நான் வைட்டமின் டியைத் தேடுவதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன். பலருக்கு இடப்பக்கம் மலம் உருண்டையாகக் கையில் தட்டுப்படும். மலச்சிக்கல் சிறுநீர்ப்பையை முழுதாகக் காலியாக விடாது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் தொற்று திரும்பும். அடுத்துப் பள்ளிக்கூடம். காலையில் நிரப்பி அனுப்பிய தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கழிப்பறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, ஆசிரியை விடவில்லை என்று எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு வரும் பெண் குழந்தைகள் எத்தனையோ பேர். பள்ளி நிர்வாகத்தினரை மன்றாடிக் கேட்கிறேன், கையை உயர்த்தும் குழந்தையை அனுப்பிவிடுங்கள். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அது தானாகப் பிரியும். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பும் கோளாறு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும். முதல் தொற்றிலேயே நாங்கள் ஸ்கேன் கேட்பது இப்படிப்பட்ட அமைப்புக் குறைகளுக்கான தடயம் தெரிகிறதா என்று பார்க்கத்தான்.

அல்சூர்க் குழந்தைக்குக் கல்ச்சரில் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்த்து அதை மட்டும் பத்து நாள் கொடுக்கிறோம். பொட்டலத்தை நிறுத்திவிட்டேன், மலம் இளகுவதற்கு மருந்து எழுதியிருக்கிறேன். பாட்டியிடம் இரண்டு குப்பிகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை காய்ச்சல் வந்தால், எந்த மருந்தையும் தொடுவதற்கு முன் அதில் ஒன்றில் சிறுநீர் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.