ஸ்கேனில் ஃபேட்டி லிவர் என்று வந்தால்...

முழு உடல் பரிசோதனை முடித்துவிட்டு அறிக்கையோடு வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "ஃபேட்டி லிவர் கிரேடு 2 என்று போட்டிருக்கிறதே டாக்டர், ஆபத்தா?" கிரேடு 1 என்றால் நிம்மதியாகி அறிக்கையைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். கிரேடு 3 என்றால் தூக்கம் போய்விடுகிறது. இரு தரப்பினரும் அந்த எண்ணை நோயின் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படிப்பட்ட எண் அல்ல.

கொழுப்பு சேர்ந்த கல்லீரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் திரையில் வெளுத்துத் தெரியும். பக்கத்திலிருக்கும் வலது சிறுநீரகத்தோடு அதை ஒப்பிட்டு, உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களின் சுவர் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று பார்த்து, நாங்கள் கண் மதிப்பாக கிரேடு போடுகிறோம். ஒரே நோயாளிக்கு ஒரு மருத்துவர் 1 என்றும் இன்னொருவர் 2 என்றும் எழுதக்கூடும். அது காட்டுவது கொழுப்பை மட்டுமே. ஆனால் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதுதான். தொடக்க நிலைத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. கல்லீரலின் மேற்பரப்பு முண்டும் முடிச்சுமாகி, மண்ணீரல் வீங்கிய பிறகு தெரியும். அதற்குள் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை, வந்துவிட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் எலாஸ்டோகிராபி உதவுகிறது. மாம்பழத்தை விரலால் அழுத்திக் காயா கனியா என்று பார்க்கிறோம் அல்லவா, அந்த வேலையை இது ஒலியலையால் செய்கிறது. மெல்லிய அதிர்வு ஒன்று கல்லீரலுக்குள் அனுப்பப்படுகிறது. இறுகிய திசுவில் அந்த அதிர்வு வேகமாக ஓடும். அந்த வேகத்திலிருந்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் கருவி தருகிறது. வலது கையைத் தலைக்கு மேல் வைத்து மல்லாந்து படுத்து, சொல்லும்போது சில நொடிகள் மூச்சைப் பிடித்தால் போதும். ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

ஃபைப்ரோஸ்கேன் இதில் ஒரு வகை. அது எண்களைத்தான் தரும், கல்லீரலின் படத்தைத் தராது. பித்தப்பைக் கல்லோ கல்லீரல் கட்டியோ அதில் தெரியாது என்பதால் சாதாரண ஸ்கேனுக்கு அது மாற்று அல்ல. வழக்கமான ஸ்கேன் கருவியிலேயே படத்தைப் பார்த்தபடி இறுக்கத்தை அளக்கும் வகையும் இருக்கிறது. வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு ஃபைப்ரோஸ்கேன் சரிவராது.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. வயது, இரத்தத்தில் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதிகளின் அளவுகள், தட்டணுக்களின் எண்ணிக்கை இவற்றைக் கொண்டு ஃபிப்-4 என்ற கணக்கை உங்கள் மருத்துவரே போட்டுவிடலாம். விடை 1.3-க்குக் கீழே இருந்தால் (65 வயதைக் கடந்தவர்களுக்கு 2) பெரும்பாலும் இப்போதைக்கு எலாஸ்டோகிராபி வேண்டாம். அதற்கு மேல் என்றால் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ளவர்கள் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். "லிவர் டெஸ்ட் நார்மல்தானே" என்று அவர்கள் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. இரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கும்போதே தழும்பு வளரக்கூடும்.

கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கு இறுக்கம் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. கூடுதலாக இருந்தால் உடனே சிரோசிஸ் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மஞ்சள் காமாலை, இதயச் செயலிழப்பு, கடுமையான கல்லீரல் அழற்சி ஆகியவையும் எண்ணை ஏற்றிக் காட்டும். சாப்பாடும் அப்படித்தான். வழியில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால்கூட அளவு மாறக்கூடும் என்பதால் குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறாக வாருங்கள்.

உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்குகிறது. ஆகவே மறுபடி அளந்து பார்ப்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு கருவியின் எண்ணை வேறு வகைக் கருவியின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அடுத்த முறையும் அதே வகைக் கருவியில் எடுங்கள். பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுவாருங்கள்.