புட்டுமாவுப் பதத்தில் ஒரு மலைப்பாதை

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு கை மாவை அள்ளி அழுத்தினால் பிடிபட வேண்டும், விரலால் நெருடினால் உதிர வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில், அக்டோபர் முதல் வாரத்தில், மேப்பிள் காட்டுக்குள் ஓடும் ஒற்றையடிப் பாதையின் மண்ணை அள்ளி இதே சோதனையைச் செய்து பாருங்கள். பிடிபட்டு, பிறகு உதிர்ந்தால், அன்று மலைச் சைக்கிள்காரர்களுக்குத் தீபாவளி. அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஹீரோ டர்ட்’. சுமாராக ஓட்டுகிறவரையும் ஹீரோவாக்கிவிடும் மண் என்று பொருள்.

அங்கே ஈஸ்ட் பர்க் என்ற சிற்றூரைச் சுற்றி ‘கிங்டம் டிரெயில்ஸ்’ என்ற பெயரில் 160 கிலோமீட்டருக்கும் மேல் பாதைகள் கிடக்கின்றன. கோடையிலும் கூட்டம் வரும். ஆனால் இலை சிவக்கும் நாட்களுக்காகக் காத்திருப்பவர்கள் தனி ரகம். வண்ணம் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பாதி காரணம் காலுக்குக் கீழே இருக்கிறது.

காய்ந்த கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், டயர் புதைந்து நின்றுவிடும். அதே மணல், அலை வந்து போன ஈரத்தில், தார்ச்சாலை மாதிரி தாங்கும். மணல் மாறவில்லை, நடுவில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மண்துகள்கள் தொடும் இடத்தில் துளி நீர் ஒரு பாலம் போல ஒட்டிக்கொள்கிறது. பரப்பு இழுவிசையால் அந்தப் பாலத்தின் பக்கங்கள் உள்வாங்கி வளைகின்றன. அப்படி வளையும்போது பாலத்துக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைகிறது. விளைவு, இரண்டு துகள்களும் ஒன்றை நோக்கி ஒன்று உறிஞ்சப்படுகின்றன. ஒரு கைப்பிடி மண்ணுக்குள் இப்படிப்பட்ட பாலங்கள் எண்ணில் அடங்காதவை.

இந்த மண்ணில் மலைச் சைக்கிளின் டயர் இறங்கும்போது, அதன் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்கள் சற்றே அமிழ்ந்து பல் போலக் கவ்வுகின்றன. வளைவில் சைக்கிளைச் சாய்த்தால் ஓரத்துப் பட்டன்கள் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளும். பாலங்கள் இருப்பதால் மண் சரியாமல் எதிர்த்துத் தள்ளும். தண்ணீர் வற்றினால் பாலங்கள் அறுந்து, மேலே மாவுத்தூளும் கீழே இறுகிய தரையுமாகிவிடும். பட்டாணிக்கடலையைக் கொட்டிய சிமென்ட் தரையில் ஓட்டுவது மாதிரிதான். எதிர்ப்பக்கமும் மோசம்: மழை கொட்டி இடுக்கெல்லாம் நிரம்பிவிட்டால், காற்றும் நீரும் சந்திக்கும் வளைந்த பரப்பே இல்லாமல் போகும். உறிஞ்சலும் போகும். ஓட்டுகிறவரின் எடையை மண் தாங்காமல் இடையில் அடைபட்ட நீர் தாங்கும். அதற்குப் பெயர் சேறு.

சரி, இந்தப் பதம் இலையுதிர்காலத்தில் மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் கிடைக்கிறது? வெர்மான்டில் மழை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய சீராகவே பெய்கிறது. வித்தியாசம் செலவில் இருக்கிறது. கோடையில் ஒவ்வொரு மரமும் வேரால் உறிஞ்சி இலை வழியாக நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும். பகல் குறையத் தொடங்கியதும் மரம் இலையிலிருந்து பச்சையத்தைப் பிரித்து, அதிலுள்ள சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் அப்போது தெரிகிறது. சர்க்கரை மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்தக் கடைசி நாட்களில் புதிதாகத் தயாரிக்கப்படுவது. பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிப்படுக்கு உருவாகி இலை உதிர்கிறது. இலை போனதும் மரம் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. வெயிலும் சாய்ந்துவிட்டது: ஜூன் கடைசியில் நண்பகலில் 69 டிகிரி உயரத்தில் நின்ற சூரியன், அக்டோபர் 10 வாக்கில் 39 டிகிரியைத் தாண்டாது. ஆகவே பெய்த நீர் மண்ணிலேயே தங்குகிறது.

ஆனால் மண்ணுக்கு ஈரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த அதே இலை, நேராக வந்து பாதையின் மேல் விழுகிறது. இதைவிட நேர்த்தியான குறும்பை இயற்கை செய்து நான் பார்த்ததில்லை.

இலையின் மேல்தோலில் மெழுகுப் பூச்சு இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் ஈர இலைகளுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம். டயரின் பட்டன் மேலே கிடக்கும் இலையைக் கெட்டியாகக் கவ்வினாலும் பயனில்லை, அந்த இலை அடியில் உள்ள இலை மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். டயருக்கு மண் எட்டவே எட்டாது. துகள்களுக்கு நடுவே பசையாக இருந்த நீர், இலைகளுக்கு நடுவே எண்ணெயாகிவிடுகிறது. பிரிட்டனின் ரயில்காரர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். தண்டவாளத்தில் விழும் இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கி, வழுவழுப்பான கறுப்புப் பூச்சாக ஆக்கிவிடுகின்றன. அதைச் சுரண்ட உயரழுத்த நீரைப் பீய்ச்சும் தனி ரயில்களையே அங்கே ஓட்டுகிறார்கள்.

சைக்கிளில் போகிறவருக்குத் தனி ரயில் வராது. அவர் கையில் இருப்பது பிடியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வழி மட்டும். டயர் தரும் பிடி, ஒரு படி அரிசி மாதிரி. பிரேக்குக்கு அதிகமாக அளந்துவிட்டால் வளைவதற்குக் குறைவாகத்தான் மிஞ்சும். காய்ந்த தரையில் இரண்டுக்கும் தாராளமாகப் போதும். இலை மூடிய வளைவில் படியே பாதியாகிவிடுகிறது. அதனால் வளைவுக்கு முன்பே, நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்து, வளையும்போது பிரேக்கிலிருந்து விரலைத் தளர்த்திவிடுவார்கள் அனுபவசாலிகள். இலைக்கடியில் ஈர வேர் ஒளிந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பட்டை தேய்ந்த வேரின் மேல் சாய்வாக ஏறும் டயரை, வேரின் உருண்ட பரப்பு பக்கவாட்டில் தள்ளிவிடும். நேர்க்குத்தாகக் கடந்தால் தள்ளுவதற்கு எதுவும் இருக்காது.

இதில் காற்றழுத்தமும் ஒரு கை பார்க்கிறது. மலைச் சைக்கிள் டயரில் பெரும்பாலும் 20 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரைதான் காற்று இருக்கும். 20 டிகிரி கதகதப்பில் வீட்டுக்குள் 25 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, 5 டிகிரிக் குளிரில் பாதைக்கு வந்தால் அளவி 23 காட்டும். பஞ்சர் இல்லை, வால்வும் கசியவில்லை. குளிரில் காற்றின் அழுத்தம் குறைகிறது. அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட கணக்கை மட்டும். அதனுடன் வெளிக்காற்றின் 14.7-ஐயும் கூட்டி, கெல்வின் அளவில் (செல்சியஸோடு 273 கூட்டிய வெப்பநிலை) எழுதிய விகிதத்தில் குறைத்துப் பார்த்தால் கணக்கு நேராகும். முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கின் காற்றறையில் 80 பிஎஸ்ஐ இருந்தால் அது 75-க்கு இறங்கிவிடும், பள்ளத்தில் கூடுதலாக அமுங்கும். டயரில் 2 குறைந்தால் மண்ணைத் தொடும் பரப்பு கொஞ்சம் கூடும், அது நல்லதுதான். ஆனால் இலைக்கடியில் ஒரு கூர்ங்கல் இருந்து ரிம் அதில் இடித்தால் அந்த நல்லதெல்லாம் மறந்துபோகும்.

கண்ணுக்கும் வேலை அதிகம். தாழ்ந்த வெயில் மரங்களுக்கிடையே வரிவரியாக விழுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு விநாடியில் 7 மீட்டர் கடந்துவிடுவார். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் கண்மணி சுருங்கி விரிவதற்குள் அடுத்த கல் வந்துவிடும். கறுப்புக் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வெறும் கண்ணாடியோடு போவதே புத்திசாலித்தனம் என்பேன்.

உடம்புக்கு மட்டும் இது பொற்காலம். 200 வாட் அளவுக்குப் பெடல் மிதிக்கிறவரின் தசைகள் கூடவே 600 வாட்டுக்கும் மேல் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. குளிர்ந்த உலர்ந்த காற்று அதைச் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது.

மலைச் சைக்கிளின் பிறப்பே இலையுதிர்காலத்தில்தான் என்று ஒரு கணக்குச் சொல்லலாம். கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், 1976 அக்டோபர் 21 அன்று, பழைய கனத்த சைக்கிள்களில் சில இளைஞர்கள் பைன் மலைச்சரிவில் ஒரு பந்தயம் வைத்தார்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம், சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்தான். கீழே வருவதற்குள் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) இருந்த கிரீஸ் சூட்டில் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்த இறக்கத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் நிலைத்தது.

வெர்மான்டில் நவம்பர் பிறந்ததும் கதை மாறும். மான் வேட்டைப் பருவத்தில் காட்டுக்குள் போகிறவர்கள் பளீர் ஆரஞ்சு அணிகிறார்கள். மண்ணுக்குள் இன்னொரு வேட்டை நடக்கிறது: இரவில் மேல்மண் உறையும்போது, துகள்களைச் சேர்த்துப் பிடித்த அதே உறிஞ்சல் கீழிருந்து நீரை மேலே இழுக்கிறது. அது ஊசி ஊசியான பனிக்கட்டியாக வளர்ந்து மண்ணின் தோலைத் தூக்கி நிறுத்துகிறது. காலை ஏழு மணிக்குக் கல்லாக இருக்கும் பாதை, வெயில் பட்டதும் பத்து மணிக்குக் கேழ்வரகுக் களியாகிவிடும். அதன் மேல் ஒரு டயர் உருண்டால் போதும், அந்தத் தடம் அன்றிரவே உறைந்து வாய்க்காலாக நின்றுவிடும். பாதைகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தில், உரிமையாளர்கள் மனமிரங்கி விட்டவை. ஆகவே பத்து மணிக்குள் ஓட்டி முடித்துவிடுகிறார்கள், அல்லது சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டுப் பனி விழக் காத்திருக்கிறார்கள்.