கம்போஸ்ட்: மட்குரமா, கூட்டெருவா?

கம்போஸ்ட் (பெயர்ச்சொல்): காய்கறித் தோல், காய்ந்த இலை போன்றவற்றைக் காற்றுப்பட வைத்து, நுண்ணுயிர்களால் சிதையவிட்டுப் பெறும் கரும்பழுப்பு எரு.

லத்தீனில் ‘கோம்’ என்றால் சேர்ந்து, ‘போனெரே’ என்றால் வைத்தல். இரண்டும் கூடிய ‘கொம்போசிட்டும்’, சேர்த்துவைத்தது என்று பொருள்பட்டு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேகவைக்கும் ‘கொம்போட்’ இதன் உடன்பிறப்பு. நம் மொழியிலும் கூட்டு என்பது சமையலறையில் புழங்கும் சொல்தானே!

1920களில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் இந்தூரில் வகுத்த முறையும், 1939இல் இந்திய அறிஞர் சி. என். ஆச்சார்யா நகரக் குப்பைக்காக வகுத்த பெங்களூர் முறையும் இச்சொல்லை இந்திய வேளாண்மையில் ஊன்றின.

தமிழில் இதற்குப் பல பெயர்கள். தமிழ்நாட்டில் மக்கு உரம் அல்லது மட்குரம். மட்குதல் எழுத்து வழக்கு. வெட்கம் பேச்சில் வெக்கம் ஆவதுபோல அது மக்குதல் ஆனது. ஈழத்தில் மக்குதலை உக்குதல் என்பர்; உரம் அங்கே பசளை; கம்போஸ்ட், கூட்டெரு. தொழு உரம் வேறு: தொழுவத்துச் சாணமும் கூளமும் சேர்ந்தது. மண்புழு உரமும் வேறு. ‘உரம்’ என்பதன் மூலப்பொருள் வலிமை. இன்று மூட்டையில் வரும் யூரியாவையும் அதுவே குறிக்கிறது. ‘எரு’வுக்கு அந்தக் குழப்பம் இல்லை. ‘ஏரினும் நன்றால் எருஇடுதல்’ என்ற குறள் (1038) காலத்திலிருந்து அது உயிர்ப்பொருளிலிருந்து வந்த சத்தையே சுட்டுகிறது.

எங்கள் தேர்வு கூட்டெரு. மட்குரம் பிழையான சொல் அல்ல. ஆனால் அது விளைவை மட்டும் சொல்கிறது. தொட்டியில் போட்டு மூடினால் தானே மக்கிவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. வீட்டுத் தொட்டிகள் பல கெடுவது அந்த எண்ணத்தால்தான். கூட்டெரு செய்முறையையே சொல்லிவிடுகிறது: ஒன்றோடு ஒன்றைக் கூட்ட வேண்டும்.

எதோடு எதை? நுண்ணுயிர்களுக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கும் கிடைத்தால் வேலை சீராக நடக்கும். காய்கறிக் கழிவில் கரிமம் 15, 20 பங்குதான். நீரோ மிக அதிகம். காய்ந்த இலையில் கரிமம் 40 முதல் 80 வரை. எனவே ஒரு கிண்ணம் ஈரக்கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய காய்ந்த இலை. இது கொள்ளளவுக் கணக்கு. எடை போட்டால் தவறும். தொட்டியின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் வேண்டும். அடியில் 10 செ.மீ. சுள்ளியும் இலையும் பரப்பி, கழிவை 2 முதல் 5 செ.மீ. துண்டுகளாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் இலையால் மூடவும். பழைய எரு இரண்டு கைப்பிடி தூவினால் தொடக்கம் விரைவாகும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறவும். தென்னை நார்க்கழிவும் ஆகும். ஆனால் துகள் நுண்மையாக இருப்பதால் ஈரத்தில் இறுகிக் காற்றை அடைத்துவிடும். பாதி இலையோடு கலந்தே போடுங்கள்.

ஈரத்தைப் பார்க்கக் கைதான் கருவி. ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி கசியலாம். ஒழுகினால் ஈரம் மிகுதி. பிடி உதிர்ந்துபோனால் நீர் தெளிக்க வேண்டும்.

இங்கே தமிழின் இன்னொரு நுட்பம் உதவும். அழுகுவது வேறு, மட்குவது வேறு. காற்று போதாமல் சிதைந்தால் அழுகல்: கூமுட்டை நாற்றம், அடியில் கருநீர். காற்றுப்பட்டுச் சிதைந்தால் மட்கல்: மழை நனைத்த மண்ணின் வாசம். கூமுட்டை நாற்றத்துக்கு மருந்து இலையும் கிளறலும். வாசனைத் திரவம் தெளிப்பது வீண்வேலை. மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் தழைச்சத்து மிகுதி, அதற்கும் இலைதான். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பதார்த்தம் வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. ஒரு கன மீட்டர் அளவுக் குவியல் 55 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடாகி, நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும். சிறு தொட்டியில் வெப்பம் தங்காது.

இரண்டு மூன்று மாதத்தில் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். உடனே செடிக்குப் போடக் கூடாது. முதிராத எரு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும், இலை வெளிறும். மேலும் மூன்று நான்கு வாரம் ஆறவிட்டு, ஒரு பிடியை நனைத்துப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் கழித்துத் திறங்கள். நாறினால் இன்னும் முதிரவில்லை.

கடைசியாக ஒரு சொற்சிக்கல். ‘பயோடிகிரேடபிள்’, ‘கம்போஸ்டபிள்’ இரண்டையும் ‘மக்கும்’ என்றே எழுதுகிறோம். முன்னதற்கு மக்கும், பின்னதற்கு எருவாகும் என்று பிரித்தால் தெளிவு. எருவாகும் என்று பிளாஸ்டிக் பையில் அச்சிட ஐரோப்பியத் தரமான இஎன் 13432 கேட்கும் நிபந்தனைகளுள் ஒன்று: 12 வாரம் எருவாக்கியபின் 2 மி.மீ. சல்லடையில் பையின் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது. அந்தச் சோதனை, எருவாக்கும் ஆலையின் வெப்பத்துக்கானது. வீட்டுத் தொட்டியில் அதே பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். கழிவைக் கொட்டிவிட்டுப் பையைத் தனியே எடுத்துவிடுங்கள்.