‘நாட்டிய நாடகம்’ என்று ஏன் இரண்டு முறை சொல்கிறோம்?

மார்கழி நெருங்கினால் சென்னையில் சபா அழைப்பிதழ்கள் வரத் தொடங்கும். சீதா கல்யாணம், தட்ச யாகம், ஆண்டாள் திருமணம் என்று கதை எதுவானாலும் தலைப்புக்குக் கீழே ‘நாட்டிய நாடகம்’ என்று போட்டிருக்கும். வீட்டில் பேசும்போது ‘டான்ஸ் டிராமா’ என்போம். சின்ன வயதிலிருந்து காதில் விழுகிற சொல் என்பதால் நானும் அதைப் பற்றி யோசித்ததில்லை. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் ஒரு சின்னத் தொடரைப் படித்த பிறகுதான் அந்தச் சொல் உறுத்த ஆரம்பித்தது.

நாடகம் என்றால் என்ன என்பதற்கு அவர் தரும் விளக்கம் இது: ‘கதை தழுவி வரும் கூத்து’.

அதாவது நாடகம் என்ற சொல்லுக்குள்ளேயே ஆட்டம் இருக்கிறது, கதையும் இருக்கிறது. அதற்கு முன்னால் ‘நாட்டிய’ என்று சேர்த்தால் ஆட்டத்தை இரண்டு முறை சொன்னதாகிறது. இது எப்படி வந்தது?

முதலில் வேரைப் பார்க்கலாம். சமஸ்கிருதத்தில் ஆடுதலைக் குறிக்கும் வேர் ‘நிருத்’. நிருத்தம், நர்த்தனம் எல்லாம் அதிலிருந்து நேராக வந்தவை. அதே வேர் பிராகிருதப் பேச்சில் உருமாறி ‘நட’ என்றாகி, அந்த வடிவத்திலேயே மறுபடி சமஸ்கிருதத்துக்குள் போய் நடன், நாட்டியம், நாடகம் ஆகிய சொற்களைத் தந்தது என்பது மொழியறிஞர் பலர் ஏற்கும் விளக்கம். தமிழின் நடம், நட்டம், நட்டுவன் ஆகியவையும் இந்தக் குடும்பம்தான். இவற்றுக்குத் தமிழ் வேர் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதைவிட, வந்த இடத்தில் என்ன பொருளில் வாழ்ந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் நாட்டியம் என்பது வெறும் நடனம் அல்ல. பேச்சு, பாட்டு, ஆட்டம், ஒப்பனை, மெய்ப்பாடு எல்லாம் சேர்ந்த முழு அரங்கக் கலைக்கும் அங்கே அதுதான் பெயர். முதல் நாட்டியம் எப்படி நடந்தது என்று அந்த நூலே ஒரு கதை சொல்கிறது. இந்திரனின் கொடி விழாவில் தேவர்கள் அசுரர்களை வென்ற கதையை நடித்துக் காட்ட, பார்த்துக்கொண்டிருந்த அசுரர்கள் கோபம் கொண்டு ஆட்டத்தையே குலைத்துவிட்டார்கள். பிறகு பாற்கடல் கடைந்த கதையும், சிவபெருமான் முன்னிலையில் திரிபுரம் எரித்த கதையும் அரங்கேறின. தொடக்கமே புராணக் கதைதான். அந்த நூலின் கணக்குப்படி நாடகம் என்பது பத்து வகை ரூபகங்களில், அதாவது மேடையில் நடிக்கும் படைப்புகளில், ஒன்று. ஆகவே அங்கே பார்த்தாலும் ‘நாட்டிய நாடகம்’ என்ற கூட்டுக்குத் தேவை இல்லை.

சரி, தமிழில்? பெரும்பாணாற்றுப்படை ‘நாடக மகளிர் ஆடுகளத்து எடுத்த’ முழவைச் சொல்கிறது. பட்டினப்பாலையில் புகார் மக்கள் ‘பாடல் ஓர்த்தும் நாடகம் நயந்தும்’ நிலவை அனுபவிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் நாடகம் என்பது ஆட்டம். தொல்காப்பியம் சொல்லும் ‘நாடக வழக்கு’ மட்டும் வேறு பக்கம் போகிறது. உலகத்தில் சிதறிக் கிடக்கும் சுவையான செய்திகளை ஓரிடத்தில் நிகழ்ந்தது போலத் தொகுத்துச் சொல்வது அது. ஆட்டத்தின் பெயரைப் புனைவுக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

அடியார்க்குநல்லார் பகுத்திருக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கூத்தின் ஒரு பெரும் பிரிவான சாந்திக்கூத்தை நான்காகப் பிரிக்கிறார்: சொக்கம், மெய்க்கூத்து, அவிநயக்கூத்து, நாடகம். சொக்கம் என்பது தூய ஆட்டம். அவிநயக்கூத்து கதை தழுவாமல், பாட்டின் பொருளுக்குக் கை காட்டி ஆடுவது. கதை தழுவினால் அது நாடகம். இன்றைய பரதநாட்டியக் கச்சேரியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஜதிஸ்வரத்தையும் தில்லானாவையும் சொக்கத்தின் பக்கம் வைக்கலாம், பதத்தை அவிநயக்கூத்து எனலாம். பல பேர் சேர்ந்து ராமாயணம் ஆடினால் அது நாடகம். நாம் இரண்டு சொல் போட்டுச் சொல்வதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இது உரையாசிரியர் ஏட்டில் மட்டும் இருந்த பிரிவு என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திரன் காலத்து, அதாவது 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வைகாசிப் பெருவிழாவில் ‘இராசராசேசுவர நாடகம்’ ஆடுவதற்காக ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்க ஏற்பாடு செய்த செய்தி அதில் உள்ளது. அந்த நாடகத்தின் பனுவல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நெல்லைப் பெற்றவரின் பட்டம் கிடைத்திருக்கிறது: சாந்திக்கூத்தன். சாந்திக்கூத்தன் நாடகம் ‘ஆட’ என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. நாடகத்துக்கு ஆடு என்பதுதான் வினை. இன்றும் யாராவது பாசாங்கு செய்தால் ‘நாடகம் ஆடுகிறான்’ என்கிறோம் அல்லவா? பொருள் மாறிப்போனாலும் அந்தப் பழைய வினை மட்டும் நாக்கில் அப்படியே தங்கிவிட்டது.

புராணத்தை ஆட்டமாக்குவதில் தமிழ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதைக்குப் போக வேண்டும். இந்திர விழாவில் மாதவி பதினொரு ஆடல்களை ஆடுகிறாள். ஒவ்வொன்றும் ஒரு தெய்வம் ஆடிய ஆட்டம். திரிபுரம் எரித்தபோது சிவன் ஆடியது கொடுகொட்டி, அதே போர்ச் சூழலில் நான்முகன் காண ஆடியது பாண்டரங்கம். கஞ்சன், அதாவது கம்சன், ஏவிய யானையின் கொம்பை ஒடிக்கக் கண்ணன் ஆடியது அல்லியம். வாணன் என்ற அசுரனோடு மோதியது மல், வாணனின் நகரத் தெருவில் குடம் எடுத்து ஆடியது குடம். சூரனை வென்ற முருகன் கடல் நடுவே ஆடியது துடி, அவுணர் படைக்கலம் போட்டுத் தளர்ந்தபோது குடையைச் சாய்த்து ஆடியது குடை. காமன் பெண் கோலத்தில் ஆடியது பேடி. கொற்றவை மரக்காலில் நின்று ஆடியது மரக்கால். திருமகள் ஆடியது பாவை. கடைசியாக இந்திராணி வயலில் நின்று உழத்தி போல ஆடியது கடையம். தேவலோகத்து அரசி வயல் வேலைக்காரியாக வந்து நிற்கும் அந்த ஒரு ஆடலை எப்படி அமைத்திருப்பார்கள் என்று நினைத்தாலே ஆசையாக இருக்கிறது.

துடிக்கு இளங்கோ அமைக்கும் மேடையையும் கவனியுங்கள். ‘நீர்த்திரை அரங்கத்து’ என்கிறார். அலைதான் அரங்கம். பதினொன்றையும் மாதவி ‘அவரவர் அணியுடன் அவரவர் கொள்கையின்’ ஆடினாள் என்கிறது காப்பியம். அந்தந்தத் தெய்வத்தின் கோலம், அந்தந்தத் தெய்வத்தின் இயல்பு. கோலமும் குணமும் கதையும் சேர்ந்துவிட்டால் அது ஒருத்தி மட்டும் ஆடும் நாடகம்தான். இத்தனையையும் இளங்கோ ஆடல் என்றும் கூத்து என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்.

அதே காப்பியத்தின் வஞ்சிக் காண்டத்திலும் ஒரு காட்சி உண்டு. சேரன் செங்குட்டுவன் முன்னால் பறையூர்க் கூத்தச் சாக்கையன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். உமையொரு பாகன் ஆட்டம். சிவன் பாதியில் சிலம்பு ஒலிக்கிறது, கைப்பறை ஆர்க்கிறது, சடை திசைகளைத் தடவுகிறது. உமை பாதியிலோ ‘பாடகம் பதையாது சூடகம் துளங்காது மேகலை ஒலியாது’. ஒரே உடம்பில் ஒரு பக்கம் புயல், மறு பக்கம் அசைவே இல்லை. ஆடுகிறவர்களிடம் கேட்டால்தான் இது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அந்தச் சாக்கையர் மரபின் பெயர் இன்றும் கேரளத்தில் இருக்கிறது. சாக்கியார் கூத்து அங்கே கோயில் கூத்தம்பலங்களில் நடக்கிறது. அவர்கள் சமஸ்கிருத நாடகங்களைப் பலர் கூடி ஆடுவதற்குப் பெயர் கூடியாட்டம். 2001இல் யுனெஸ்கோ சிறப்பித்து அறிவித்த கலை அது. அங்கே மற்றப் பெயர்களையும் பாருங்கள்: கிருஷ்ணனாட்டம், ராமனாட்டம், மோகினியாட்டம். கன்னட நாட்டில் திறந்த வெளியில் விடிய விடிய நடக்கும் புராண ஆட்டத்துக்குப் பயலாட்டம் என்று பெயர். பக்கத்து வீடுகளில் கூத்தும் ஆட்டமும் புழங்குகின்றன. நாம்தான் விட்டுவிட்டோம்.

எப்போது விட்டோம் என்றால், நாடகம் என்ற சொல் பேச்சு நாடகத்துக்குப் போனபோது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலை மேடை இங்கே பரவியது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாட்டு நிறைய இருந்தாலும் காலடியில் ஆட்டம் குறைந்தது. பிறகு வசனம் மேலேறியது. நாடகம் என்றால் நின்று பேசுவது என்றாகிவிட்டது. தேவதாசிகள் ஆடிவந்த சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது அதற்குப் பின்னால். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1944இல் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். அப்புறம் ராமாயணத்தை ஆறு பகுதிகளாக அமைத்தார். ஆட்டத்தில் கதை சொல்லும் இந்த வடிவத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் ஆயத்தமாக இருந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் நாட்டிய நாடகம். நாடகம் தன் ஆட்டத்தை இழந்துவிட்டதால்தான் அதன் முன்னால் நாட்டியம் என்று ஒட்டுப் போட வேண்டி வந்தது. அந்த நிகழ்ச்சிகளின் அழகில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பெயரில்தான்.

கூத்து என்ற சொல் பக்கத்திலேயே இருந்தும் ஏன் எடுக்கவில்லை? அதை மட்டமாக நினைத்ததுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ‘என்ன கூத்து இது’, ‘கூத்தடிக்கிறான்’ என்றெல்லாம் பேசிப் பேசி அந்தச் சொல்லைத் தெருவில் தள்ளிவிட்டோம். சிவபுராணம் ஓதும்போது மட்டும் ‘தில்லையுள் கூத்தனே’ என்று கை குவிக்கிறோம். கவிச்சக்கரவர்த்தியின் பெயர் ஒட்டக்கூத்தர்.

வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில் போய்த் தெருக்கூத்தைப் பாருங்கள். கட்டியங்காரன் வந்து கதையைத் தொடங்கி வைப்பான். முகவீணை கூவும். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே துரியோதனன் வருவான், கிரீடமும் புஜக்கீர்த்தியும் மின்ன. அவன் போடும் அடிக்குப் பெயர் அடவு. பரதநாட்டிய வகுப்பில் குழந்தைகள் முதல் நாள் கற்கிறார்களே, அதே அடவு. ஈழத்தில் மட்டக்களப்பிலும் கூத்து ஆசிரியரான அண்ணாவியார் மத்தளம் தட்ட, வட்டக்களரி என்ற வட்ட மேடையில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகளையும் ஆடுகிறார்கள். அங்கும் சதங்கை அணிதல் உண்டு, அரங்கேற்றம் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அந்தக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடைக்குச் செப்பனிட்டுக் கர்ணன் போர், இராவணேசன் என்று தந்தபோது, கூத்து என்ற பெயரை மறைக்கவில்லை.

ஆகவே நாட்டிய நாடகத்துக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் என் பதில் கூத்து. ஒற்றைச் சொல் போதாது, கதை இருப்பது தெரிய வேண்டும் என்றால் அடியார்க்குநல்லாரின் விளக்கத்தையே சுருக்கிக் கதைக்கூத்து எனலாம். ‘ஆடல் நாடகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதிலும் அதே இரட்டிப்புதான், முன்பாதி மட்டும் தமிழாகியிருக்கிறது. பலர் கூடி ஆடுவதைத் தனியாகக் காட்ட வேண்டுமானால் கூடியாட்டம் போலக் குழுக்கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். தனி ஒருவர் ஒரு புராணக் கதை முழுவதையும் ஆடினால் தனிக்கூத்து. மாதவி ஆடியது அதுதான்.

அடுத்த மார்கழியில் ஏதாவது ஓர் அழைப்பிதழில் ‘சீதா கல்யாணம்: கதைக்கூத்து’ என்று அச்சாகியிருந்தால், முதல் வரிசையில் இடம் பிடிக்க நான் சீக்கிரமே போய்விடுவேன்.