தண்ணீராய்க் கொட்டும் கண்ணும் வறண்ட கண்தான்

கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறது என்று கைக்குட்டையும் கையுமாக வருகிறவர்களில் பலருக்கு நான் சீட்டில் எழுதும் நோயின் பெயர் ‘உலர் கண்’. தையல் வேலை செய்யும் 52 வயதுப் பெண்மணி ஒருவர், “தண்ணியாக் கொட்டுதுன்னு வந்தா வறட்சிங்கிறீங்களே டாக்டர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கண்ணீர் வெறும் உப்புநீர் அன்று. கருவிழியை ஒட்டிச் சளி போன்ற வழவழப்பும், அதன்மேல் நீரும், எல்லாவற்றுக்கும் மேலே குழம்பில் மிதக்கும் எண்ணெயைப் போல ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமும் சேர்ந்ததுதான் கண்ணீர்ப் படலம். இமை விளிம்பில் வரிசையாக அமைந்துள்ள மைபோமியன் சுரப்பிகள் அந்த எண்ணெயைத் தராவிட்டால், நீர் விரைவில் ஆவியாகிக் கருவிழி உறுத்துகிறது; உறுத்தலை உணர்ந்த நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்ட, அது அழும்போது பொழிவதைப் போலப் பொழிகிறது. எண்ணெய்ப்பசை இல்லாத அந்த நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

அவருடைய கீழிமையில் வடிதாள் பட்டையைச் செருகி 5 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 14 மில்லிமீட்டர் நனைந்திருந்தது. 10-க்கு மேல் என்றால் பொதுவாக நீர்ச்சுரப்பில் குறையில்லை. ஆனால் ஃபுளோரெசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால், இமைத்த 4 வினாடிக்குள் படலம் கிழிந்து கரும்புள்ளிகள் தெரிந்தன. 10 வினாடியாவது அது நிலைத்திருக்க வேண்டும். இமை விளிம்பை மெல்ல அழுத்தினேன். தெளிந்த எண்ணெய் கசிய வேண்டிய துளைகளிலிருந்து பற்பசை போலத் திரிந்து வெள்ளையாக வந்தது.

இதற்கு முதல் மருந்து வெந்நீர் ஒத்தடம். காலையும் மாலையும் 5 முதல் 10 நிமிடம், பொறுக்கும் சூட்டில் ஒற்ற வேண்டும். நனைத்த துணி ஓரிரு நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் நீவிவிட வேண்டும். சில வாரங்களாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு துணை மருந்து. நாளுக்கு 4 முறைக்கு மேல் விடுபவர்களுக்குப் பதப்படுத்தி (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) சேர்க்காத வகையையே எழுதுகிறேன், ஏனெனில் அந்த வேதிப்பொருளே கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கக்கூடும். மின்விசிறிக்கு நேர் கீழே படுப்பதும், ஏசிக் காற்று முகத்தில் படும்படி உட்காருவதும், கணினித் திரையைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்துக்கொண்டு இமைக்க மறப்பதும் எந்த மருந்தையும் தோற்கடிக்கும்.

ஒவ்வாமை மாத்திரைகள், பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின், மாதவிடாய் நின்ற பருவம் ஆகியவையும் கண்ணை உலர்த்தும். பட்டை 5 மில்லிமீட்டர்கூட நனையாமல், வாயும் வறண்டு, தண்ணீர் குடிக்காமல் சோறு விழுங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், ஷோகிரன் நோய் (உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) இருக்கிறதா என்று மூட்டு, வாத நோய் மருத்துவரிடமும் அனுப்புகிறேன். இத்தகையவர்களுக்கு அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு தேவைப்படலாம். முதலில் எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்று முன்பே சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. சிவப்பு மறைய வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுகளில் சில ஸ்டீராய்டு கலந்தவை. இரண்டே நாளில் கண் வெளுத்துவிடும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பழுதாகலாம், புரையும் விழலாம். அந்தத் தையல்காரரின் பையிலும் அப்படியொரு புட்டி இருந்தது, நல்லவேளையாக வாங்கி இரண்டு வாரமே ஆகியிருந்தது. (விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.)

கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் வாருங்கள். எப்போது வந்தாலும், வீட்டிலுள்ள சொட்டு மருந்துப் புட்டிகள் அத்தனையையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.